பிரிக்காத மாத்திரை அட்டை

நாகர்கோவிலில் என்னிடம் வரும், எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் லூபஸ் நோயாளிகளிடம் மருந்துச் சீட்டைக் கேட்பதற்கு முன் மருந்துப் பையைத்தான் கேட்பேன். சீட்டில் இருப்பது நான் எழுதியது. உண்மையில் வயிற்றுக்குள் போனது எது என்பது பையைப் பார்த்தால்தான் தெரியும்.

குலசேகரம் பக்கத்திலிருந்து அம்மாவுடன் வந்த 26 வயதுப் பெண் மேசைமேல் பையைக் கொட்டினாள். அண்டி ஆபீசில் முந்திரிப் பருப்புக்குத் தோல் உரிக்கும் வேலை அவளுக்கு. ஸ்டீராய்டு அட்டைகள் எல்லாம் காலி. நோயை அடக்கிவைக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் அட்டைகளோ மருந்துக்கடையில் போட்டுக்கொடுத்த ரப்பர் பேண்டுகூட அவிழாமல் அப்படியே இருந்தன.

"சொல்லு மக்களே, டாக்டரிடம் மறைக்கக்கூடாது" என்றார் அம்மா.

"அந்தச் சின்ன மாத்திரையைப் போட்டால் மறுநாளே விரல் மடங்குகிறது டாக்டர். இதைப் போட்டால் ஒன்றும் தெரியவில்லை. கண் போய்விடும் என்றும் சொன்னார்கள்."

அவள் பொய் சொல்லவில்லை. ஸ்டீராய்டு ஓரிரு நாளில் வலியை அடக்கும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் வேலை காட்ட இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அப்போதும் அது செய்வதைக் கண்ணால் பார்க்க முடியாது. கடல் முற்றத்துக்கு வந்துவிட்ட அன்று மணல் மூட்டை அடுக்குகிறோமே, அது ஸ்டீராய்டு. கடலுக்குள் கல் கொட்டிக் கட்டி, அலையின் வேகத்தை வெளியிலேயே முறிக்கும் தூண்டில் வளைவுதான் ஹைட்ராக்சிகுளோரோகுயின். கடல் அமைதியாக இருக்கும் நாளில் அது சும்மா கிடப்பதாகத்தான் தோன்றும்.

1991இல் கனடாவில் ஓர் ஆய்வு வெளியானது. நோய் அடங்கியிருந்த 47 பேரில் 25 பேர் இந்த மாத்திரையைத் தொடர்ந்தார்கள்; மற்ற 22 பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை தரப்பட்டது. ஆறு மாதத்துக்குள் போலி மாத்திரை எடுத்தவர்களில் 16 பேருக்கு நோய் மீண்டும் கிளம்பியது. மருந்தைத் தொடர்ந்தவர்களில் 9 பேருக்குத்தான். நோய் அடங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துபவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்கிறேன்.

கண் பற்றிய பயத்துக்கும் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் கொடுத்தால், முதல் ஐந்து ஆண்டுகளில் விழித்திரை கெடுவது மிக அரிது. தொடக்கத்தில் ஒருமுறை கண் பரிசோதனை, ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்னும் முன்னதாகவே தொடங்குவோம்.

மாறாக, பலர் பயமின்றி விழுங்கும் ஸ்டீராய்டுதான் நீண்ட நாள் ஓடினால் எலும்பை மெலியவைக்கிறது, சர்க்கரையை ஏற்றுகிறது, தொற்றுக்குக் கதவைத் திறக்கிறது. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டானால் நாளுக்கு 5 மில்லிகிராமுக்குள் கொண்டுவர முயல்கிறோம். அதற்காக நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடலில் இயல்பாக ஸ்டீராய்டைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். திடீர் நிறுத்தம் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அந்தப் பெண்ணின் கணுக்காலை அழுத்தினேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்வதால் வந்த வீக்கம் என்று நினைத்திருக்கிறாள். சிறுநீரில் நுரை வந்து அடங்காமல் நிற்பதையும் கேட்ட பிறகுதான் சொன்னாள். பரிசோதனையில் புரதம் நிறைய இருந்தது. லூபஸ் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது. இதில் என்னை உறுத்துவது, இந்தப் பாதிப்பு வலிக்கவே வலிக்காது என்பதுதான். அதனால் நன்றாக இருக்கும்போதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியாட்டினின், ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மூட்டுவலிக்கென்று கடையில் நீங்களாக வாங்கும் வலி மாத்திரை இந்தச் சிறுநீரகத்தை மேலும் அடிக்கும். நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கும் லேகியமும் வேண்டாம். எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்குவதுதான் இந்த நோய். உப்பு மிகுந்த கருவாட்டையும் ஊறுகாயையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அவள் கன்னத்துச் சிவப்பை வீட்டில் மங்கு என்று நினைத்து இரண்டு வருடம் களிம்பு பூசியிருக்கிறார்கள். லூபஸ் சிவப்பு பொதுவாக மூக்குத்தண்டைத் தாண்டி இரு கன்னத்திலும் படரும். மூக்கோரத்திலிருந்து வாய்க்கு இறங்கும் மடிப்பை மட்டும் விட்டுவிடும். வெயில் பட்டால் கூடும். வெயில் தோலை மட்டுமல்ல, உள்ளே அடங்கிக் கிடக்கும் நோயையும் கிளப்பிவிடும். கொளச்சலில் மீன் விற்கும் ஒரு அம்மாவிடம் வெளியே போகாதீர்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. முழுக்கைச் சட்டை, அகலமான குடை, பஸ்ஸில் வெயில் படாத பக்க இருக்கை. எஸ்.பி.எஃப். 30க்கு மேற்பட்ட சன்ஸ்கிரீன் வாங்க முடிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் தாராளமாகப் பூசி, வெயிலில் நிற்கும்போது இரண்டு மணிக்கொருமுறை மீண்டும் பூச வேண்டும்.

காய்ச்சல் வந்தால் அன்றே காட்டுங்கள். லூபஸ் கிளம்புகிறதா, தொற்றா என்பதை வீட்டில் இருந்து சொல்ல முடியாது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அந்தப் பெண்ணுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மைக்கோபினோலேட் மாத்திரையைத் தொடங்கி, ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைத்தோம். புரதம் இறங்க மாதங்கள் பிடித்தன. ஒருநாள் அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு, தனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், மாத்திரையை மறைக்கச் சொல்கிறார்கள் என்றாள். மறைத்தால் எந்த மாத்திரை முதலில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையை அழைத்துவரச் சொன்னேன்.

வந்தார். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருந்த பிறகே கருத்தரிக்க வேண்டும் என்றும், அதற்கு ஆறு வாரம் முன்பாவது கருவுக்கு ஆகாத மைக்கோபினோலேட்டை நிறுத்தி அசதியோபிரின் என்ற மருந்துக்கு மாற்றுவோம் என்றும் சொன்னேன். ஹைட்ராக்சிகுளோரோகுயினைக் கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் நிறுத்தத் தேவையில்லை என்றதும், அதன் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.