சொல் விளக்கம்: ரெஃபரண்டம்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி ஆகிய இரு நகரங்களும் உழைத்து ஈட்டும் சம்பளத்தில் 1 சதவீதத்தை நகர வரியாக வாங்குகின்றன. அந்த வரி நீடிக்கலாமா என்று 5 ஆண்டுக்கு ஒருமுறை ஊராரிடமே வாக்குக் கேட்கிறார்கள். இப்படிக் கேட்பதுதான் ரெஃபரண்டம். இதைச் சிலர் 'கருத்துக் கணிப்பு' என்று எழுதிவிடுகிறார்கள். அது பெரிய பிழை. கருத்துக் கணிப்பு என்பது சில நூறு பேரைக் கேட்டு நாடி பார்ப்பது. அதற்கு யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை. மிசூரியில் 'வேண்டாம்' என்று வாக்கு விழுந்தால், 10 ஆண்டுகளில் அந்த வரியைப் படிப்படியாகக் குறைத்து ஒழித்தாக வேண்டும்.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'ரெஃபர்ரே' என்றால் திரும்பக் கொண்டுபோதல். 'ரெஃபரண்டம்', திரும்பக் கொண்டுபோக வேண்டியது. பழைய சுவிட்சர்லாந்தில் மாகாணங்களின் தூதர்கள் பேரவையில் கூடுவார்கள். தமக்கு அதிகாரம் இல்லாத விஷயம் வந்தால் தாமாக முடிவு சொல்ல மாட்டார்கள். 'ஊருக்குக் கொண்டுபோய்க் கேட்டு வருகிறோம்' என்பார்கள். இன்றைய பொருள் அந்த வழக்கத்திலிருந்து கிளைத்தது.

தமிழில் 'பொது வாக்கெடுப்பு' என்பது எல்லோருக்கும் புரியும், பிழையும் இல்லை. இலங்கையில் 'சர்வசன வாக்கெடுப்பு' என்பார்கள். வாக்கு என்பது கொடுத்த சொல். 'வோட்டு' என்ற சொல்லின் லத்தீன் மூலமும் நேர்ந்துகொண்ட சத்தியத்தையே குறிக்கும். இரண்டு மொழியும் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்கு வியப்பு. ஆனால் வரி விஷயத்தில் நான் 'குடியொப்பம்' என்ற சொல்லையே தேர்வேன். குடிகள் ஒப்பினால்தான் வரி என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது.

மிசூரியில் 5 ஆண்டுக்கு ஒருமுறை வாக்குக் கேட்கும் இந்த ஏற்பாடு 2010 நவம்பரில் மாநிலம் முழுவதும் நடந்த வாக்கெடுப்பில் வந்தது. அதற்குப் பணம் கொடுத்து முன்னின்றவர் ரெக்ஸ் சின்க்ஃபீல்ட் என்ற செல்வந்தர். வருமானத்தின் மேல் வரி கூடாது, அந்த இடத்தை விற்பனை வரி நிரப்பட்டும் என்பது அவர் வாதம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்த நகர வரியை வெளியூரிலிருந்து வந்து வேலை பார்ப்பவரும் கட்டுகிறார். ஓய்வூதியம் வாங்கும் முதியவர் கட்டுவதில்லை. விற்பனை வரி என்று மாறினால் அந்த முதியவர் வாங்கும் சோப்புக்கும் செருப்புக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். சம்பாதிப்பதையெல்லாம் செலவழித்தே தீர வேண்டிய ஏழைக்கு அந்தச் சுமை இன்னும் கனமானது.

2011 ஏப்ரலில் இரு நகரங்களும் வாக்களித்தன. வரி நீடிக்கட்டும் என்று செயின்ட் லூயிஸில் சுமார் 88 சதவீதம் பேரும், கான்சஸ் சிட்டியில் சுமார் 78 சதவீதம் பேரும் சொன்னார்கள். 2016இலும் 2021இலும் கேட்டபோதும் ஒப்பினார்கள்.