டூப்ளிகேட் வாட்ச் அடுத்த கைக்குப் போகும்போது

"அண்ணா, ஃபர்ஸ்ட் காப்பி வாங்கலாமா?" என்று கேட்கும் பையன் கையில் பெரும்பாலும் ஏற்கெனவே ஒன்று இருக்கும். "சூப்பரா இருக்குப்பா" என்று நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்குத்தான் வருகிறான். குன்னூரில் வாட்ச் ரிப்பேர் பார்ப்பது என் தொழில். ரோலெக்ஸ், ஒமேகா, டேக் ஹாயர், ஹூப்லோ என்று எல்லாப் பெயரும் என் மேஜைக்கு வருகிறது. அசல் வருவது அபூர்வம். வெலிங்டனில் குடியேறிய ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகள், பழைய எஸ்டேட் குடும்பங்கள் என்று சில வீடுகளில் உண்டு. மற்றதெல்லாம் காப்பிதான்.

வாங்கலாமா என்று ஒரே வரியில் கேட்டால் வேண்டாம் என்பேன். ஆனால் வேண்டாம் என்பதற்கு ஊரில் சொல்லும் காரணங்களில் பாதி எனக்கே ஒப்பவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

"மட்டமான சரக்கு, ஆறே மாதத்தில் நின்றுவிடும்" என்பது முதல் காரணம். எல்லாம் அப்படி இல்லை. இரண்டாயிரம் ரூபாய்ச் சரக்கில் உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பிடிப்புக்குள் உட்கார்ந்திருக்கும் மலிவான பேட்டரி மெஷின். டயலில் மூன்று குட்டி வட்டங்கள் இருக்கும். ஒன்று கிழமை காட்டும், ஒன்று தேதி காட்டும், மூன்றாவது சும்மா ஒட்டி வைத்தது. பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் ஸ்டாப் வாட்ச் ஓட வேண்டும். இதில் கிழமை மாறும். இதைப் பார்க்க என்னிடம் வரவே வேண்டாம். ஐந்தாயிரம், எட்டாயிரம் என்று போனால் சீனாவில் செய்யும் ஆட்டோமேட்டிக் மெஷின், அதாவது கை அசைவிலேயே சாவி ஏறும் மெஷின், இருக்கும். அதற்கும் மேலே போனால் சிலவற்றில் ஜப்பானின் மியோட்டா மெஷினே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். மியோட்டா நல்ல மெஷின். கழுவி எண்ணெய் போட்டால் வருஷக்கணக்கில் ஓடும். அதைக் குறை சொல்ல என் தொழில் மனசு இடம் கொடுக்காது. அந்த நல்ல மெஷினைச் செய்தவன் பெயர் டயலில் இல்லையே என்பதுதான் வருத்தம்.

நொடி முள் வழுக்கிக்கொண்டு போனால் ஒரிஜினல் என்று யூடியூப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். மெஷின் அடிக்கும் வேகம் கூடக் கூட முள் வழுக்கலாகத் தெரியும். இன்றைய ரோலெக்ஸ் மெஷின் பெரும்பாலும் மணிக்கு 28,800 முறை அடிக்கும், அதாவது நொடிக்கு 8. மலிவான ஆட்டோமேட்டிக் 21,600, நொடிக்கு 6. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்தான். ஆனால் இப்போது வரும் விலை கூடிய காப்பிகளும் 28,800-தான் அடிக்கின்றன. தேதிக்கு மேலே ஒட்டியிருக்கும் பூதக்கண்ணாடி அசலில் இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும். மலிவான காப்பியில் தேதி சின்னதாகவே கிடக்கும், நல்ல காப்பியில் அதையும் சரிசெய்துவிட்டார்கள். பேக் கவரைத் திறக்காமல், கண்ணில் லென்ஸ் மாட்டாமல், ஒரு போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி "ஒரிஜினலா பார்த்துச் சொல்லுங்க" என்றால் நான் பதில் சொல்வதே இல்லை.

எங்கள் மலைக்கென்று ஒரு தனிக் கஷ்டமும் உண்டு. டயலில் "100 மீட்டர்" என்று அச்சடித்திருப்பான். உள்ளே ரப்பர் வாஷர் பெயருக்கு இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது. திருகி மூடும் சாவி போலத் தெரியும். திருகிப் பார்த்தால் மரை பிடிக்காது. சமவெளியில் இதோடு இரண்டு வருஷம் ஓட்டிவிடலாம். இங்கே டீ ஃபேக்டரியில் வேலை செய்பவரை நினைத்துப் பாருங்கள். டிரையர் பக்கம் அனல், நொதிக்க வைக்கும் அறையில் ஈரம், வெளியே வந்தால் மஞ்சு. சூட்டில் உள்ளே புகுந்த ஈரக்காற்று குளிரில் கண்ணாடியின் உள்பக்கம் முத்து முத்தாகப் படியும். முதலில் துருப்பிடிப்பது சாவித் தண்டு. பிறகு செந்தூள் உதிர்ந்து மெஷினுக்குள் இறங்கும். ஓட்டத்தைச் சீராக வைக்கும் முடி போன்ற ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு புள்ளி துரு வந்தால் போதும், கதை முடிந்தது. கூடலூர், தேவாலா பக்கத்து ஆட்கள் தென்மேற்கு மழையிலும், நாங்களும் கோத்தகிரிக்காரர்களும் ஐப்பசி மழையிலும் இந்த வாட்ச்களைத் தூக்கிக்கொண்டு அலைவது இதனால்தான். உதிரி பாகம் கேட்டால் எங்கே போவது? காப்பிக்குக் கம்பெனி இல்லை. அசல் கம்பெனி சர்வீஸ் சென்டர் அதைத் தொடாது. மணிக்கட்டில் அரிப்பு, கொப்புளம் என்று வருகிறவர்களும் உண்டு. மலிவான உலோகத்தின் மேல் பூசிய மினுக்கு தேய்ந்து, அடியில் இருக்கும் நிக்கல் தோலில் பட்டால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அவர்கள் பார்க்க வேண்டியது தோல் டாக்டரை, என்னை அல்ல.

விற்கும் விதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "துபாய் கஸ்டம்ஸில் பிடித்த மால்", "ஷோரூமில் மிஞ்சியது", "மாஸ்டர் குவாலிட்டி" என்று இன்ஸ்டாகிராமில் வீடியோ ஓடும். காசை யு.பி.ஐ.யில் முன்னாலேயே வாங்கிவிடுவார்கள். வீடியோவில் ஒன்று, பார்சலில் ஒன்று வரும். சில சமயம் பார்சலே வராது. அசல் என்று சொல்லி ஏமாற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். "காப்பிதான் கேட்டேன், ஆனால் நல்ல காப்பி வரவில்லை" என்று எந்த முகத்தோடு புகார் சொல்வது?

சட்டம் சுருக்கமாக இதுதான். 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 103, 104 பிரிவுகளின்படி பொய்யான பிராண்ட் போடுவதும் அதை விற்பதும் குற்றம். 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். சொந்தக் கையில் கட்ட வாங்குபவரை இந்தப் பிரிவுகள் பிடிப்பதில்லை. ஆனால் சலித்துப்போய் ஆன்லைனில் விற்பனைக்குப் போட்டால் நீங்களும் விற்பவர்தான். வெளிநாட்டில் படிக்கப் போகும் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. இத்தாலியில் வாங்குபவருக்கே அபராதம் உண்டு. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் சொந்த உபயோகத்துக்குக் கொண்டுபோனாலும் சுங்கத்தில் பறித்து அழித்துவிடலாம்.

இனி நியாய தர்மம். "ரோலெக்ஸ்காரனுக்கு என்ன குறைந்துவிடும்?" என்று கேட்பார்கள். எனக்கும் ரோலெக்ஸுக்காகக் கண்ணீர் வரவில்லை. 1905-ல் லண்டனில் ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் தொடங்கிய வியாபாரம், இன்று அவர் பெயரிலான அறக்கட்டளையின் கையில் ஜெனீவாவில் கொழிக்கிறது. ஐயாயிரம் ரூபாய்க் காப்பி வாங்குகிறவன் அசல் வாங்க வரிசையில் நின்றவனும் அல்ல. உலக வணிகத்தில் 3.3 சதவீதம் போலிச் சரக்கு என்று 2016-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து ஓ.இ.சி.டி. என்ற பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு சொன்னது, அதிகம் பிடிபடும் சரக்குகளில் வாட்சும் ஒன்று. அந்தப் பணம் எந்தெந்தக் கைகளுக்குப் போகிறதோ என்ற கவலை நியாயமானது. ஆனாலும் அது குன்னூர்ப் பையனின் மனசைத் தொடும் என்று நான் நம்பவில்லை.

என் மேஜையில் நான் பார்ப்பது வேறு. காப்பி வாங்குகிறவர் ஏமாறுவதில்லை, தெரிந்துதான் வாங்குகிறார். அவருக்கு அடுத்த கைதான் ஏமாறுகிறது.

கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு அம்மாவும் மூத்த மகனும் வந்தார்கள். கைக்குட்டையில் சுற்றிய ரோலெக்ஸ். அய்யா தவறி ஒரு வருஷம் ஆகிறது. சென்னையில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியதாம்; கல்யாணம், ஹெத்தையம்மன் பண்டிகை என்றால் மட்டும் பெட்டியிலிருந்து எடுப்பாராம். சர்வீஸ் செய்து, இன்ன மதிப்பு என்று ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும் என்றார் மகன்.

பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டி, "உள்ளே மெஷின் ஓடுறதே தெரியுதுங்க, அவ்வளவு விலை உசந்தது" என்றார் அந்த அம்மா. எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாடல்களைத் தவிர ரோலெக்ஸ் பேக் கவரில் கண்ணாடி வைப்பதில்லை. முழு உலோகத்தில் மூடிவிடும். காப்பிக்காரன்தான் அழகு காட்டக் கண்ணாடி வைப்பான். இருந்தாலும் திறந்து பார்க்காமல் சொல்லக்கூடாது என்று திறந்தேன். மெஷினில் பெயர் இல்லை. கை அசைவில் சுற்றும் ரோட்டர் தகட்டில் தங்க நிறப் பெயின்ட் ஓரத்தில் உரிந்திருந்தது. செயின் தகட்டை மடித்துச் செய்தது.

"அம்மா, இது காப்பிங்க" என்றேன். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. மகன்தான் கொஞ்ச நேரம் கழித்து விஷயத்தைச் சொன்னார். பாகம் பிரித்தபோது தம்பிக்கு ரோட்டோரத்துத் தேயிலை பத்து சென்ட் கூடுதலாகப் போயிருக்கிறது. அதற்கு ஈடாக இவருக்கு வாட்ச். பெரியவர்கள் முன்னால் பேசி முடித்து, பத்திரமும் பதிவாகிவிட்டது. அந்த அய்யா யாரையும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. பர்மா பஜாரில் ஆசைப்பட்டு வாங்கியிருப்பார். யாரோ "ஒரிஜினலா?" என்று கேட்டபோது சிரித்துவிட்டு விட்டிருப்பார். அதற்குப் பிறகு சொல்ல ஒரு நல்ல நாள் அமையவில்லை. சீட்டு எழுதித் தர முடியாது என்று சொல்லி வாட்சைத் திருப்பிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

இதே மாதிரி பரிசாக வந்தது, கடனுக்கு ஈடாக வந்தது, மாப்பிள்ளைக்குப் போட்டது என்று விதவிதமாக வருகின்றன. மாப்பிள்ளை வாட்ச் வந்தால் பெண் வீட்டார் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது.

இந்த ஊர்க்காரர்களுக்குப் போலி என்றால் என்னவென்று யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. டூரிஸ்ட் பஸ் நிற்கும் இடத்தில் கலப்படத் தைலத்தை "சுத்தமான நீலகிரித் தைலம்" என்று விற்கும்போது காய்ச்சுகிறவர்கள் வயிறு எரிகிறார்கள். தோடர் பெண்கள் துணியின் இழையை ஒவ்வொன்றாக எண்ணி, வரைந்து பார்க்காமல், சிவப்பும் கறுப்பும் நூலில் பின்னுகிறார்கள்; ஒரு சால்வைக்கு வாரக்கணக்கில் ஆகும். 2013-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. மெஷினில் அதே பூவைப் போட்டு நூற்றுச் சொச்சத்துக்கு விற்றால் நமக்குக் கோபம் வருகிறது, வர வேண்டியதுதான். அந்தக் கோபத்தோடு பேசிக்கொண்டே ஒருவர் என் கடையில் கை நீட்டினார். கட்டியிருந்தது டூப்ளிகேட் ஒமேகா. பணக்காரக் கம்பெனி, ஏழைக் கைவினைஞர் என்ற வித்தியாசம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அவர் மேல் எனக்குச் சிரிப்பு வந்தது.

சரி, என்ன வாங்குவது? நேரம் பார்க்க என்றால் டைட்டன். தமிழக அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய கம்பெனி, ஓசூரில் செய்கிறார்கள், சர்வீஸ் கிடைக்கும். சாதாரண பேட்டரி வாட்ச் மாதத்துக்குப் பத்துப் பதினைந்து நொடிதான் பிசகும். ரோலெக்ஸே ஒரு நாளைக்கு இரண்டு நொடி முன்பின் போகலாம் என்றுதான் உத்தரவாதம் கொடுக்கிறது! வடிவம் பிடித்திருக்கிறது என்றால், அதே சாயலில் தன் சொந்தப் பெயரைப் போட்டு விற்கும் வாட்ச்கள் நிறைய உண்டு. பெயரைத் திருடாத வரை எனக்கு ஆட்சேபம் இல்லை. சாவி கொடுக்கும் வாட்ச் வேண்டுமென்றால் பழைய எச்.எம்.டி. ஜனதாவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அதிலும் கவனம் வேண்டும். பழைய மெஷினை எடுத்து, புதிதாக அச்சடித்த பச்சை, ஆரஞ்சு டயல் போட்டு "புத்தம் புதுசு" என்று ஆன்லைனில் தள்ளுகிறார்கள். அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் ஓய்வுபெற்றவர்கள் வீட்டு அலமாரியில் நிறம் மங்கிப்போய்க் கிடக்கும் ஜனதாவே மேல். ஆயிரத்துச் சொச்சத்துக்கு விற்கும் கேஸியோ எஃப்-91-க்கும் டூப்ளிகேட் வந்துவிட்டது என்றால் பாருங்கள். அதன் வலப்பக்கப் பொத்தானை மூன்று நொடி அமுக்கிப் பிடித்தால் அசலில் கேஸியோ என்ற பெயர் திரையில் வரும்.

ஏற்கெனவே காப்பி வாங்கி வைத்திருப்பவர்களை நான் விரட்டுவதில்லை. பேட்டரி போடுவேன், செயின் நீளம் குறைப்பேன். சிராய்ப்பெடுத்துப் பெட்டி, பேப்பரோடு அசல் போல ஆக்கித் தரச் சொன்னால் மட்டும் முடியாது என்பேன். அவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: மனைவியிடமும் பிள்ளைகளிடமும் இது காப்பி என்று ஒரு தடவை சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் வேறு வழியும் உண்டு. சர்வீஸ் செய்த தேதியையும் தங்கள் அடையாளத்தையும் பேக் கவரின் உள்பக்கம் ஊசியால் கீறி வைப்பது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். சம்மதித்தால் அதன் பக்கத்திலேயே "காப்பி" என்றும் கீறித் தருகிறேன், கட்டணம் கிடையாது. சிலர் சம்மதிக்கிறார்கள். "அப்புறம் பார்க்கலாம்ணா" என்று வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.