பாலக்காட்டுக் கணவாயில் ஓர் ஊராட்சியின் நீர்க்கணக்கு

கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை பெய்கிறது என்று கேள்விப்பட்டவர்களுக்கு, அதே மாநிலத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பகுதிகளில் அதில் பாதிகூட விழுவதில்லை என்பது வியப்பளிக்கலாம். தமிழ் பேசும் மக்கள் பெருமளவில் வாழும் இந்தச் சித்தூர் வட்டாரத்து ஊர்கள், மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விலகி நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கின்றன. ஈரக் காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்தால்தான் கனமழையாகும். கணவாய்க்குள் நுழையும் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அப்படி மேலேறும் வாய்ப்புக் குறைவு என்பதால், அது ஈரத்தின் பெரும்பகுதியைச் சுமந்தபடியே கிழக்கே கடந்துவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் எதிர்த்திசையிலிருந்து வீசும் வறண்ட காற்றோ மண்ணிலும் குளத்திலும் எஞ்சிய நீரை ஆவியாக்குகிறது.

இதோடு புவியும் வெப்பமடைகிறது. காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். இதனால் பெய்யும்போது மழை கொட்டுகிறது, இரண்டு மழைகளுக்கு நடுவிலான வறட்சியும் நீள்கிறது. ஆண்டின் மொத்த மழை மாறாவிட்டாலும் கிணற்றுக்கு இது இழப்புதான். ஒரு மணி நேரத்தில் மண் உறிஞ்சக்கூடிய நீருக்கு வரம்பு உண்டு, அதை மீறிப் பெய்வதெல்லாம் ஓடைக்குப் போய்விடும். அடியில் கடினப் பாறை கொண்ட இந்நிலத்தில் பெய்த மழையில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்குச் சென்றாலே பெரிது.

இனி ஒரு கற்பனை ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். பரப்பு 30 சதுர கிலோமீட்டர், ஆண்டு மழை 900 மில்லிமீட்டர், மக்கள்தொகை 25,000, தென்னந்தோப்பு 1,000 ஹெக்டேர். விழும் மழை 2.7 கோடி கன மீட்டர், அதில் பத்தில் ஒரு பங்காக நிலத்தடிக்குச் சேர்வது 27 லட்சம் கன மீட்டர். ஹெக்டேருக்கு 175 மரம், மரத்துக்கு நாளொன்றுக்கு 60 லிட்டர், 200 பாசன நாட்கள் எனக் கொண்டால் தோப்புகளுக்கே 21 லட்சம் கன மீட்டர் வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் வீதம் வீடுகளுக்கு 5 லட்சம் தேவை. ஆக, வரவு 27, செலவு 26. கொட்டித் தீர்க்கும் மழையால் நிலத்தில் இறங்கும் பங்கு 10 விழுக்காட்டிலிருந்து 8 ஆகக் குறைந்தால், மழையளவு சிறிதும் குறையாமலே வரவு 21.6 லட்சமாகச் சரிந்து, 4 லட்சம் கன மீட்டருக்கும் அதிகமான பற்றாக்குறை உண்டாகும். அந்தப் பற்றாக்குறைதான் ஆண்டுதோறும் ஆழப்படுத்தப்படும் போர்வெல்களாக ஊருக்குள் தெரிகிறது.

பற்றாக்குறை என்றவுடன் ஊராட்சி மன்றத்தில் முதலில் எழும் கோரிக்கை தடுப்பணை. 5,000 கன மீட்டர் கொள்ளும் தடுப்பணை ஆண்டில் மூன்று முறை நிரம்பி, அதில் பாதி நிலத்துக்குள் இறங்கினால் கிடைப்பது 7,500 கன மீட்டர். அதே தோப்புகள் சொட்டுநீருக்கு மாறி, மரத்துக்கு 40 லிட்டர் போதும் என்றானால் மிச்சம் 7 லட்சம் கன மீட்டர். மரத்தைச் சுற்றிய வட்டப்பாத்தியில் விடும் நீரில் ஒரு பகுதி எப்படியும் நிலத்தடிக்கே திரும்புவதால் உண்மையான மிச்சம் இதைவிடக் குறையும். அதைப் பாதியாகக் குறைத்து மதிப்பிட்டாலும், நாற்பதுக்கும் மேற்பட்ட தடுப்பணைகள் தருவதை அது தருகிறது. தடுப்பணை வேண்டாம் என்பதல்ல என் வாதம். எந்த இடத்தில் எது பலன் தரும் என்பதை இத்தகைய கணக்கில்லாமல் எந்த ஊராட்சியும் முடிவு செய்ய முடியாது, ஆனால் ஊராட்சிகளுக்கு மிக அரிதாகவே கிடைக்கும் உதவி இந்தக் கணக்குத்தான்.

பணம் வரும் வழிகள் உண்மையில் பல. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு வழங்கிய மானியத்தில் 60 விழுக்காடு, குடிநீர், மழைநீர்ச் சேகரிப்பு, துப்புரவு ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த நூறு நாள் வேலையில் குளங்களும் வரப்புகளும் சீரமைக்கப்பட்டன. தமிழ்நாட்டில் சிறு, குறு உழவர்களுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் உண்டு. காலநிலை மாற்றத்துக்கு ஏற்ப மாறிக்கொள்ள உதவுவதற்காக 2015இல் தொடங்கப்பட்ட தேசியத் தகவமைப்பு நிதி போன்றவை மாநில அரசுகளின் வழியாகவே கேட்டுப் பெற வேண்டியவை, ஒரு ஊராட்சித் தலைவர் நேரடியாகக் கதவைத் தட்ட முடியாது. எனவே காலநிலை என்ற பெயர் தாங்கிய நிதிக்காகக் காத்திராமல், ஏற்கெனவே வரும் பணத்தை ஒரே நீர்த் திட்டத்துக்குள் இணைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

இந்த இணைப்பில் எல்லையின் இரு பக்கமும் ஒன்றல்ல. கேரளம் 1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. இன்றும் ஒவ்வொரு பஞ்சாயத்தின் ஒதுக்கீடும் மாநில பட்ஜெட்டின் பின்னிணைப்பில் அச்சாகிறது. கிருஷிபவன் எனப்படும் உள்ளூர் வேளாண் அலுவலகத்தின் அலுவலர் பஞ்சாயத்தோடு இணைந்தே பணியாற்றுகிறார். கேரள அரசின் ஹரித கேரளம் இயக்கத்தின் முயற்சியால் 2023இல் முதற்கட்டமாக 94 கிராமப் பஞ்சாயத்துகளுக்கு நீர் பட்ஜெட், அதாவது நீரின் வரவு செலவுக் கணக்கு, தயாரிக்கப்பட்டது. தமிழ்நாட்டிலோ ஊராட்சிக்கெனத் தனிப் பொறியாளர் இல்லை, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தை நாட வேண்டும். ஆனால் மாவட்ட ஆட்சியரை இயக்குநராகக் கொண்ட காலநிலை மாற்ற இயக்கம் மாவட்டந்தோறும் அமைந்திருப்பதால், வேளாண்மை, நீர்வளம், வனம் ஆகிய துறைகளை ஒரே மேசைக்கு அழைக்கும் அதிகாரம் அங்கே இருக்கிறது. கணக்குப் போடத் தெரிந்த ஒருவரை ஒன்றியத்துக்கு ஒருவராக அந்த இயக்கம் அமர்த்தினால், அது எத்தனையோ கட்டுமானங்களைவிடப் பயன் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தரவுகளும் முன்பைவிட எளிதில் கிடைக்கின்றன. 2024 அக்டோபரிலிருந்து இந்திய வானிலைத் துறையின் முன்னறிவிப்பு கிராம ஊராட்சி அளவில் வெளியாகிறது. கிணற்று நீர்மட்டத்தை மட்டும் ஊரே அளக்க வேண்டும். பருவமழைக்கு முன்னும் பின்னும் அதே பத்துக் கிணறுகளில் அளவு நாடாவை இறக்கி எழுதிவைத்தால், சில ஆண்டுகளிலேயே நீர்மட்டத்தின் போக்கு தெரியவரும். தமிழ்நாட்டில் மார்ச் 22 உலக நீர் நாளன்று கிராமசபை கூடுகிறது என்றாலும், என்ன பயிரிடுவது என்று முடிவாகும் காலம் அதற்குள் கடந்திருக்கும். அக்டோபர் 2 கூட்டத்தில் அந்த அளவுகளை வாசிப்பது பொருத்தம்.

கோவை மாவட்ட மலையடிவாரத்தில் பிறக்கும் கோரையாறு மேற்கே ஓடிப் பாலக்காட்டை அடைகிறது. கிழக்கே மேட்டு நிலத்து ஊராட்சி நிலத்துக்குள் இறக்கும் நீரும், அங்கே போர்வெல் உறிஞ்சும் நீரும் மேற்கே இருக்கும் பஞ்சாயத்தின் கிணற்றில் தெரியும். ஆகவே எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்தின் இரு பக்கத்து ஊராட்சிகளும் ஒரே நாளில், ஒரே முறையில் கிணறுகளை அளந்து, அந்த ஏடுகளை ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்வது இரண்டுக்கும் தேவை. அதற்கு இரு மாநிலங்களின் ஒப்பந்தம் எதுவும் வேண்டியதில்லை. இரண்டு ஊராட்சி மன்றங்களின் தீர்மானமும் ஓர் அளவு நாடாவும் போதும்.