ஊட்டியில் மக்கர், கோவையில் சுகம்: பழைய கணினி ஏன் இப்படிச் செய்கிறது?

நீலகிரியில் பழைய டெஸ்க்டாப் வைத்திருக்கும் டிடிபி கடைகளிலும் பள்ளிக்கூடங்களிலும் இந்தப் புகாரைக் கேட்கலாம். காலையில் பொத்தானை அழுத்தினால் ஃபேன் அரைச்சுற்று சுற்றி நின்றுவிடும். நாலைந்து தடவை அழுத்திய பிறகோ வெயில் ஏறிய பிறகோ ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கீழே கோவைக்குக் கொண்டுபோனால் கடையில் முதல் அழுத்தலிலேயே எழுந்துவிடும். கோளாறு கண்ணில் படாததால் விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுப்பார்கள். மலைக்குத் திரும்பிய மறுநாள் காலை பழையபடி அடம்பிடிக்கும். இதற்குள் டிஸ்க்கில் இருந்த கணக்கும் படங்களும் ஃபார்மட்டில் போயிருக்கும். அதுதான் வேதனை.

மலையில் கணினிக்கு வைத்தியம் பார்க்கும்போது ‘என்ன ஆனது’ என்பதைவிட ‘எப்போது ஆனது’ என்பதே பெரிய தடயம். குளிர்ந்த காலையில் மட்டுமா, மூடுபனி இறங்கிய நாளிலா, ஒரு மணி நேரம் ஓடிய பிறகா, கரண்ட் போய் வரும்போதா? நான்குக்கும் சந்தேகப்பட வேண்டிய பாகம் வேறு வேறு. ஒரு வாரம் நோட்டில் நேரம், அறை வெப்பம், வானிலை மூன்றையும் குறித்துவைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கணினியும் தன் பங்குக்குக் குறிப்பு எழுதுகிறது. விண்டோஸ் விழும்போது பிழை எண்ணோடு வரும் நீலத்திரை தோன்றி மறைந்துவிட்டால் படிக்க முடியாது. ஆகவே முதலில் ‘கம்ப்யூட்டர்’ ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி என்று போய், ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ டிக்கை எடுத்துவிடுங்கள். இனி நீலத்திரை அப்படியே நிற்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். அதில் உள்ள எண்ணின் முடிவு 50 அல்லது 1ஏ என்றால் முதல் சந்தேகம் ராம் என்ற நினைவகப் பட்டை மீது. 7ஏ என்றால் ஹார்ட் டிஸ்க் அல்லது அதன் கேபிள். 124 என்றால் பிராசஸர், அதற்குப் போகும் மின்சாரம், சூடு. விண்டோஸ் 7இல் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவில் ‘கெர்னல் பவர் 41’ இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் விவரத்தில் ‘பக்செக்கோட்’ 0 என்று இருந்தால் பெரும்பாலும் நீலத்திரையே வரவில்லை. மின்சாரம் அறுந்தது, அல்லது கணினி உறைந்து நின்றது என்று பொருள். 0 இல்லாமல் 80 என்று இருந்தால் குழம்ப வேண்டாம். அங்கே எண்ணைத் தசமத்தில் எழுதுவார்கள், நீலத்திரையில் பதினாறடிமானத்தில்; 80 என்பது திரையில் வரும் அதே 50தான்.

இப்போது குளிர் காலைக்கு வருவோம். பாகங்கள் எல்லாம் பொருந்தும் பெரிய பலகையான மதர்போர்டில், பிராசஸர் அமரும் சாக்கெட்டைச் சுற்றி சிறு உருளைகள் வரிசையாக நிற்கும். அவை எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள். உள்ளே இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவில் ஈரமான காகிதம், எல்லாவற்றையும் பாய்போல் சுருட்டி ரப்பர் மூடியால் அடைத்திருப்பார்கள். காகிதத்தை ஈரமாக வைத்திருக்கும் திரவம்தான் அதன் உயிர். ஆண்டுகள் போகப்போக அது ரப்பர் ஓரமாகக் கசிந்து ஆவியாகும். திரவம் குறையும்போது கெபாசிட்டரின் உள் மின்தடை ஏறுகிறது. குளிரில் மிச்சமிருக்கும் திரவமும் கெட்டிப்பட்டு, அதில் அயனிகள் நகர்வது மந்தமாகி, அந்தத் தடை இன்னும் கூடுகிறது.

இந்தத் தடை ஏன் கணினியை நிறுத்த வேண்டும்? எஸ்எம்பிஎஸ் என்ற மின்சாரப் பெட்டி தரும் 12 வோல்ட்டை மதர்போர்டு சுமார் 1.2 வோல்ட்டாக இறக்கிப் பிராசஸருக்குக் கொடுக்கிறது. 65 வாட் பிராசஸர் முழு வேகத்தில் ஓடும்போது 50 ஆம்பியருக்கு மேல் பாயும். அந்தப் பாய்ச்சலில் எழும் அலைகளைத் தட்டி நிரவுவது இந்த உருளைகள்தான். தடை ஏறிய கெபாசிட்டரால் நிரவ முடியாது. மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தாலும் போதும், பிராசஸர் தடுமாறும். காவல் சுற்று எல்லாவற்றையும் நிறுத்திவிடும். நாலைந்து தடவை அழுத்தும்போது ஒவ்வொரு முறையும் உருளைகள் கொஞ்சம் சூடாகின்றன, கடைசியில் ஓடிவிடுகிறது. கோவையில் காலையிலேயே சூடு இருப்பதால் அங்கே கோளாறு தலைகாட்டுவதே இல்லை.

1999 முதல் 2007 வரையிலான போர்டுகளில் மோசமான திரவம் நிரப்பிய கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் புகுந்தன. அவற்றின் தலை உப்பியிருக்கும், அல்லது மேலே உள்ள கீறல் வழியே பழுப்புக் கசிவு காய்ந்திருக்கும். பக்கத்தில் இருக்கும் நல்ல உருளையின் தலை கண்ணாடிபோல் தட்டையாக இருப்பதால் ஒப்பிட்டாலே தெரியும். ஆனால் உப்பாமலேயே உள்ளே காய்ந்தவையும் உண்டு. அதற்கு ஒரு சோதனை செய்யலாம். குளிர்ந்த காலையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டைத் திறந்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஓர் அடி தள்ளிப் பிடித்து, சாக்கெட்டைச் சுற்றி மட்டும் இரண்டு நிமிடம் காட்டுங்கள். பிறகு பிளக்கைச் செருகி அழுத்துங்கள். முதல் தடவையே எழுந்தால் சந்தேகம் மதர்போர்டு மீது. எழாவிட்டால் எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். 24 பின் கனெக்டரில் ஊதா ஒயரில் மல்டிமீட்டரின் சிவப்பு முனையையும், ஏதாவது கறுப்பு ஒயரில் கறுப்பு முனையையும் வையுங்கள். கணினி அணைந்திருந்தாலும் பிளக் செருகியிருக்கும்வரை அங்கே 5 வோல்ட் இருக்க வேண்டும், 4.75க்குக் கீழே போனால் எஸ்எம்பிஎஸ் தேய்ந்துவிட்டது. ஓடும்போது மஞ்சள் ஒயரில் 11.4 முதல் 12.6 வரை அனுமதி. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும்.

கெபாசிட்டர் மாற்றுவது சால்டரிங் தெரிந்தவர் கைவேலை. மைக்ரோஃபாரட் அளவு அதே, வோல்ட் அதே அல்லது கூடுதல், 105 டிகிரி சூடு தாங்குவது, உள் மின்தடை குறைந்த ‘லோ ஈஎஸ்ஆர்’ வகை என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண ரேடியோ கெபாசிட்டர் போட்டால் சில மாதத்தில் அதே கதை. உருளையில் பட்டை போட்ட பக்கம் மைனஸ். போர்டில் உள்ள குறி கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால், கழற்றும் முன் படம் எடுத்துவைப்பதே பாதுகாப்பு.

மலையில் இன்னொரு பழக்கம் உண்டு. இடிக்குப் பயந்து தினமும் இரவில் சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிடுவார்கள். பழக்கம் நல்லதுதான், விடாதீர்கள். ஆனால் பிளக் இருக்கும்வரை கடிகாரத்துக்கான மின்சாரத்தை எஸ்எம்பிஎஸ் கொடுக்கும். பிடுங்கினால் மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரிதான் கொடுக்க வேண்டும். அதனால் அது சீக்கிரம் தீரும். 3 வோல்ட் பேட்டரி 2.7க்கு இறங்கினால் மாற்றிவிடுங்கள். சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையிலும் கிடைக்கும். தீர்ந்துபோனால் தேதி பல வருடம் பின்னால் போய், வங்கித் தளமும் இ-சேவைத் தளமும் ‘பாதுகாப்பற்றது’ என்று மிரட்டும். அதைவிடப் பெரிய தொல்லை, கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸின் அமைப்புகள் எல்லாம் கம்பெனி நிலைக்குத் திரும்புவது. டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ஏஹெச்சிஐயிலிருந்து ஐடிஈக்கோ, மறுதலையாகவோ மாறிவிட்டால் விண்டோஸ் தன் டிஸ்க்கையே அடையாளம் காணாமல் 7பி என்ற நீலத்திரையோடு நிற்கும். பயாஸுக்குள் போய் அந்த ஒரு வரியைப் பழையபடி வைத்தால் போதும். இதற்காக ஃபார்மட் செய்வது பெரிய அநியாயம்.

மூடுபனி நாளில் வரும் கோளாறு வேறு ரகம். ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், சில போர்டுகள் நீளமாகப் பீப் அடிக்கும். ராம் தொடுமுனைகளில் ஈரமும் அழுக்கும் சேர்ந்து மெல்லிய படலம் கட்டியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிட்டு, கேபினட் இரும்பைத் தொட்டபின் ராமைக் கழற்றுங்கள். தங்கநிற முனைகளை மென்மையான வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் தேயுங்கள். மணல்போல் சொரசொரப்பான மை ரப்பர் தங்கப் பூச்சையே சுரண்டிவிடும், வேண்டாம். துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டுங்கள், ஏனென்றால் வாய்க்காற்றிலும் ஈரம் இருக்கிறது. பிறகு ஒரு ராமை மட்டும் போட்டு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டுங்கள், அதுவும் அதே குளிர் நேரத்தில். மத்தியானம் ஓட்டினால் பாஸ் ஆகிவிடும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் லேப் கணினிகளுக்கு மிகச் சுலபமான தடுப்பு, தினம் அரை மணி நேரம் ஓட விடுவது. அதன் சொந்தச் சூடே ஈரத்தை விரட்டும்.

சூட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதே வேகத்தில் சுற்றும் ஃபேன் குறைந்த காற்றைத்தான் தள்ளுகிறது. ஆனாலும் ஊர்க் குளிர் அந்த நஷ்டத்தை ஈடுகட்டிவிடும். ஆகவே 15 டிகிரி அறையில் பிராசஸர் 80 டிகிரியைத் தொட்டால் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது கூலரின் நான்கு கால்களில் ஒன்று போர்டைவிட்டு எழும்பியிருக்கும். பழைய பேஸ்ட்டைத் துடைத்து, மிளகளவு புதியது வைத்து, கால்களை எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள். எஸ்எம்பிஎஸ் லேபிளையும் ஒருமுறை படியுங்கள். சிலவற்றில் 2,000 மீட்டர் வரை என்று அச்சிட்டிருப்பார்கள், மெல்லிய காற்றில் மின்காப்பு குறைவதால். ஊட்டியும் கொடைக்கானலும் அந்த எல்லைக்கு மேலே. புதிதாக வாங்கினால் 5,000 மீட்டர் என்று போட்டதை வாங்குங்கள்.

யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போனால் ரீஸ்டார்ட் ஆகிறதா? சாதாரண யூபிஎஸ் பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லிசெகண்ட் எடுக்கும். புது எஸ்எம்பிஎஸ் சுமார் 16 மில்லிசெகண்ட் தம் பிடிக்கும். கெபாசிட்டர் காய்ந்த பழையதால் அவ்வளவு நேரம் முடியாது. யூபிஎஸ் மீது பழி போடும் முன் வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் சோதனையைவிடக் காப்பி முக்கியம். டக் டக் என்று சத்தம் கேட்டால் வேறு எதையும் செய்யாமல் முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில் 5, 197, 198 வரிகளின் மூல மதிப்பு பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கினால் டிஸ்க் பழுதாகத் தயாராகிறது. 199 மட்டும் ஏறினால் தவறு பெரும்பாலும் சாட்டா கேபிளில். டிஸ்க் மூடியில் ‘இந்தத் துளையை மூடாதே’ என்று எழுதிய ஊசிமுனைத் துளை இருக்கும். சுழலும் தட்டுக்கு மேலே அதைப் படிக்கும் தலை மிதப்பது உள்ளே இருக்கும் காற்றின் மீதுதான். அந்தத் துளை வழியே உள்ளழுத்தம் வெளியோடு சமனாகிறது. ஸ்டிக்கர் ஒட்டிவிடாதீர்கள். பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு உயர எல்லை சுமார் 3,050 மீட்டர் என்பதால் 2,637 மீட்டர் தொட்டபெட்டாவிலும் கவலையில்லை.

கடைசியில் கீழே கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலில் கார்டும் கேபிளும் இடம்பெயரும். மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் உடனே ஆன் செய்யக் கூடாது. 28 டிகிரி ஈரக்காற்றில் 12 டிகிரி இரும்பு வந்து நின்றால், ஐஸ் தண்ணீர் டம்ளர்போல் போர்டில் வியர்க்கும். இரண்டு மூன்று மணி நேரம் திறந்து வைத்து அறைச் சூட்டுக்கு வரவிட வேண்டும். கேபினட் மேல் ஒரு தாளில் ‘காலை 7 மணி, அறை 9 டிகிரி, நான்காவது அழுத்தலில் ஓடியது’ என்று எழுதி ஒட்டுங்கள். ஃபார்மட் வேண்டாம் என்று சொல்லி, சாக்கெட்டைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்கள் மீது ஒவ்வொன்றாக, சட்டென்று குளிர்விக்கும் ஃப்ரீஸ் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊட்டிக் குளிரை அந்த மேசையிலேயே வரவழைத்தால், எந்த உருளையில் கணினி விழுகிறது என்று கடைக்காரர் கண்ணாலேயே பார்ப்பார்.