சிங்க்குக்கு அடியில் ஒரு வேதியியல் பாடம்

உயர்நிலை மூன்றில் அமிலம், காரம், உப்பு என்ற பாடத்தைத் தொடங்கும்போது, நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் முதல் வேலை இது: "வீட்டில் சிங்க்குக்கு அடியில், குளியலறை அலமாரியில் என்னென்ன போத்தல் இருக்கிறது? லேபிளைப் படித்து எழுதிக்கொண்டு வாருங்கள்." எந்த வட்டாரத்துப் பிள்ளையானாலும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுதான். கழிப்பறைத் தொட்டி கழுவும் திரவத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ப்ளீச்சில் சோடியம் ஹைப்போகுளோரைட். குழாய் அடைப்பு நீக்கியில் சோடியம் ஹைட்ராக்சைடு. அப்புறம் வினிகர், ஆப்பசோடா.

இதே பெயர்களைத் தேர்வுத்தாளில் பார்த்தால் கடகடவென்று சமன்பாடு எழுதுகிறார்கள். ஆனால் அவை தன் வீட்டுக் குளியலறையில் ஒன்றையொன்று சந்திக்கும்போது என்ன நடக்கும் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. எனக்கு அதுதான் கவலை. பெற்றோரும் சேர்ந்து படிக்கட்டும் என்றுதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

தீபாவளிக்கு முந்தைய வாரம் சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். வீடு முழுக்கத் தேய்த்துக் கழுவல். கழிப்பறைத் தொட்டியில் மஞ்சள் கறை போகவில்லை என்றால், அமிலத் திரவத்தை ஊற்றிவிட்டு, "இன்னும் நன்றாகப் போகட்டும்" என்று மேலே கொஞ்சம் ப்ளீச்சும் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் நல்ல பொருள்தானே, சேர்த்தால் இரண்டு மடங்கு சுத்தம் என்று நினைப்பு. நடப்பது வேறு. ஹைப்போகுளோரைட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் சாதாரண உப்பு, தண்ணீர், கூடவே குளோரின் வாயு. முதல் உலகப் போரில், 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை எதிரிகள்மேல் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான்.

இதில் மாணவர்களைக் கணக்குப் போடச் சொல்வேன். குளோரினின் மூலக்கூறு நிறை 71. காற்றின் சராசரி 29. அப்படியானால் குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். மேலே போகாது, தரையோடு தங்கும். நம் குளியலறைகள் சின்னவை. சன்னலும் உயரத்தில் இருக்கும். குனிந்து தேய்த்துக்கொண்டிருப்பவருடைய மூக்கும், கூடவே வந்து நிற்கும் சிறு பிள்ளையின் மூக்கும் அந்த வாயு தங்கும் உயரத்துக்குப் பக்கத்தில். ப்ளீச்சோடு வினிகரைச் சேர்த்தாலும் குளோரின் வரும். அமோனியா உள்ள கண்ணாடித் துடைப்பானோடு ப்ளீச் சேர்ந்தால் குளோரமைன் என்ற இன்னொரு நச்சு வாயு.

மூக்கில் சுருக்கென்று ஏறினால், கண் எரிந்தால், எதையும் கழுவிவிட நிற்காதீர்கள். உடனே வெளியே வாருங்கள், வாசற்கதவையும் சன்னல்களையும் திறந்துவிடுங்கள். மூச்சு இழுக்கிறது, இருமல் நிற்கவில்லை என்றால் 995ஐ அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சரி, பாடத்துக்குள் வருவோம். இந்தப் பாடத்தில் மிக அதிகமாகக் குழம்புவது வலிமையும் செறிவும். "வலிமை குறைந்த அமிலம் என்றால் தண்ணீர் கலந்த அமிலம்" என்று எழுதிவிடுகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. செறிவு என்பது ஒரு லிட்டரில் எவ்வளவு அமிலத்தைப் போட்டோம் என்பது. வலிமை என்பது, போட்டதில் எவ்வளவு பிரிந்து ஹைட்ரஜன் அயனியாகிறது, அதாவது மின்னூட்டம் உள்ள ஹைட்ரஜனாகிறது என்பது. லிட்டருக்கு 0.1 மோல் (மோல் என்பது துகள்களின் எண்ணிக்கையைக் கணக்கிடும் அலகு) ஹைட்ரோகுளோரிக் அமிலம் முழுவதுமாகப் பிரிந்துவிடும், அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 1. அதே செறிவில் வினிகரில் இருக்கும் எத்தனோயிக் அமிலம் நூற்றுக்கு ஒன்றிரண்டு மூலக்கூறுதான் பிரியும். பிஎச் ஏறக்குறைய 3. பிஎச் அளவு 1909இல் டென்மார்க்கின் வேதியியலாளர் சோரன்சன் கொண்டுவந்தது. அதில் ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனியின் செறிவு பத்து மடங்கு கூடும். இரண்டு படி என்றால் நூறு மடங்கு.

இப்போது கேள்வி: இந்த இரண்டு அமிலத்திலும் 25 மில்லிலிட்டர் எடுத்துக்கொள்கிறோம். எதை நடுநிலையாக்க, அதாவது அதிலுள்ள அமிலம் முழுவதையும் தீர்க்க, அதிக சோடியம் ஹைட்ராக்சைடு வேண்டும்? வகுப்பில் பாதிக்கு மேல் ஹைட்ரோகுளோரிக் என்று கை தூக்குவார்கள். இரண்டுக்கும் ஒரே அளவுதான். பிரிந்து கிடக்கும் ஹைட்ரஜன் அயனி தீரத் தீர, மிச்சமிருக்கும் வினிகர் அமிலம் மேலும் பிரிந்துகொண்டே வரும். கடைசியில் கணக்கு மோல்களுக்குத்தான். மெக்னீசியம் நாடாவைப் போட்டுப் பார்த்தாலும் இது தெரியும். ஒன்றில் குமுறிக்கொண்டு வரும், இன்னொன்றில் மெதுவாகக் குமிழிவிடும். காத்திருந்து அளந்தால் வாயுவின் மொத்த அளவு ஒன்றாகவே இருக்கும்.

இதைத் தேர்வுக்காக மட்டும் அழுத்திச் சொல்லவில்லை. ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் பாடநூல் கணக்கில் வலிமை குறைந்த அமிலம்தான். ஆனால் அது தோலைக் கடந்து உள்ளே போய் உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இதயத் துடிப்பையே குலைக்கும். செறிவு குறைந்த கரைசல் பட்டால் வலி சில மணி நேரம் கழித்துத்தான் தொடங்கும் என்பது இன்னும் ஆபத்து. இதற்கென்றே கால்சியம் குளுக்கோனேட் களிம்பு வைத்திருப்பார்கள். சிலிக்கான் சில்லு தயாரிப்பில் இந்த அமிலம் தேவைப்படுகிறது; உட்லண்ட்ஸ், தெம்பனிஸ் பக்கம் அந்தத் தொழிற்சாலைகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்து அங்கே வேலைப் பயிற்சிக்குப் போகிறார்கள். "வீக் ஆசிட்தானே" என்ற எண்ணத்தோடு ஒருவரும் அந்தக் கதவுக்குள் நுழையக் கூடாது.

அமிலத்துக்குப் பயப்படுகிற அளவுக்குக் காரத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. அமிலம் என்றால் எரிக்கும், காரம் என்றால் சோப்பு மாதிரி சாது என்று ஓர் எண்ணம். அடைப்பு நீக்கி ஏன் வேலை செய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். குழாயில் உறைந்த எண்ணெயையும் கொழுப்பையும் சோடியம் ஹைட்ராக்சைடு சோப்பாக மாற்றிக் கரைக்கிறது. விரலில் பட்டால் வழவழவென்று இருப்பதற்குப் பெரிய காரணம், நம் தோலின் கொழுப்பிலும் அதே வேலை நடப்பதுதான். கண்ணில் பட்டால் அமிலத்தைவிடப் பல வேளைகளில் காரமே மோசம். அமிலம் திசுவின் புரதத்தை உறையவைக்கும். அந்த உறைவே ஓரளவு தடுப்பாகிவிடும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும்.

அப்போது வினிகர் ஊற்றி நடுநிலையாக்கலாமா என்று நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் கேட்கும். கூடாது. நடுநிலையாக்கல் வெப்பம் தரும் வினை. ஆய்வுக்கூடத்தில் லிட்டருக்கு 1 மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் சோடியம் ஹைட்ராக்சைடையும் சம அளவு ஒரு பாலிஸ்டைரீன் கப்பில் கலந்தாலே வெப்பமானி ஆறேழு டிகிரி ஏறும். அடைப்பு நீக்கியின் செறிவு அதைவிட அதிகம். புண்பட்ட தோலில் அந்தச் சூடும் சேர வேண்டுமா? குழாய்த் தண்ணீர் போதும், ஆனால் நிறைய வேண்டும்: நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம். கண் என்றால் இமையை விரித்துப் பிடித்துக் கழுவிக்கொண்டே 995ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

ஒரு திரவம் அமிலமா காரமா என்று நிறம் மாறிக் காட்டும் பொருளுக்கு நிறங்காட்டி என்று பெயர். அதற்குப் பள்ளியில் பயன்படுத்தும் லிட்மஸ் தாள்தான் வேண்டும் என்றில்லை. வெள்ளைப் பள்ளிச்சட்டையில் குழம்பு கொட்டி, அம்மா சோப்பு போட்டதும் மஞ்சள் கறை செங்காவியாக மாறியதைப் பார்க்காத தமிழ்ப் பிள்ளை உண்டா? மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் நிறம் மாறுகிறது. நன்றாக அலசினால் மறுபடி மஞ்சளாகும். கல்யாண வீட்டில் ஆரத்தித் தண்ணீர் சிவப்பாக இருப்பதும் இதனால்தான்: மஞ்சள்நீரில் சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு. தேக்கா சந்தையில் வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்பில் குண்டூசித் தலையளவு போதும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, கரண்டியால் எடுத்துக் கலக்குங்கள். சிவந்த தண்ணீரில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மஞ்சள் திரும்பி வரும்.

மஞ்சளுக்கு ஒரு குறை உண்டு: தண்ணீரிலும் அமிலத்திலும் அது ஒரே மஞ்சள். அதற்குச் சங்குப்பூ வேண்டும். பெரனக்கான் (மலாய்-சீனக் கலப்பு மரபு) பலகாரத்தில் நீல நிறத்துக்குப் போடும், மலாயில் புங்கா தெலாங் எனப்படும் பூ அதுதான். வெந்நீரில் ஊறவைத்த நீலச்சாறு எலுமிச்சையில் ஊதாவாகி, மேலும் விட்டால் இளஞ்சிவப்பாகும்; ஆப்பசோடாவில் பச்சை பக்கம் சாயும்.

அமிலமும் காரமும் வினைபுரிந்தால் கிடைக்கும் உப்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தயாரிக்கும் முறையை மனப்பாடம் செய்யாமல், அந்த உப்பு நீரில் கரையுமா என்று முதலில் கேளுங்கள். கரையாது என்றால் வீழ்படிவு முறை: இரண்டு கரைசல்களைக் கலந்து உப்பைத் திடமாகப் படியவைப்பது. கரையும், ஆனால் சோடியம், பொட்டாசியம், அமோனியம் உப்பு என்றால் தரம்பார்த்தல்: அமிலத்தையும் காரத்தையும் அளந்து சரியாக நடுநிலையாக்குவது. கரையும் மற்ற உப்புகள் பலவற்றுக்கு, கரையாத ஆக்சைடையோ கார்பனேட்டையோ அமிலத்தில் தேவைக்கு அதிகமாகப் போட்டு வடிகட்டுவது. பளிங்கு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்; அதனால் அமிலமும் கார்பனேட்டும் சேரும் வினையைப் பழைய வீடுகளின் பளிங்குத் தரையிலும் பார்க்கலாம்: எலுமிச்சை சிந்தித் துடைக்காமல் விட்ட இடத்தில் பளபளப்பு போயிருக்கும். கரியமில வாயுவாகப் போனது தரையின் ஒரு பகுதிதான். அதனால் பளிங்கை வினிகரால் துடைக்கச் சொல்லும் குறிப்புகளை நம்பாதீர்கள்.

போத்தலை வாங்கும்போது லேபிளில் சிவப்புக் கட்டமிட்ட சாய்சதுரத்தைத் தேடுங்கள். சோதனைக் குழாயிலிருந்து சொட்டும் திரவம் ஒரு கையையும் ஓர் உலோகக் கட்டியையும் அரிப்பதுபோல் படம் இருந்தால், கையுறை இல்லாமல் திறக்க வேண்டாம். பெரிய கேனாக வாங்கி, காலி மினரல் வாட்டர் போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் சில வீடுகளிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் இன்னும் இருக்கிறது. அப்படி ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால், லேபிளோடு இருக்கும் பழைய கேனில் அதைத் திரும்ப ஊற்றாதீர்கள். உள்ளே இருப்பது எது என்று நிச்சயமில்லாமல் ஊற்றினால் அதுவும் கலப்புதான். மூடியை இறுக்கி, மேலே பெரிய எழுத்தில் "குடிக்காதே" என்று எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் இன்றைக்கே வையுங்கள்.