தாவும் கண்களும் நழுவும் மனமும்

துரைப்பாக்கத்தில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரியும் வாசகி ஒருவர், நந்தனம் புத்தகக் காட்சியில் வாங்கிய ஐந்து நாவல்களில் ஒன்றைக்கூட முடிக்க இயலவில்லை என்று எழுதியிருக்கிறார். கல்லூரி நாட்களில் ஒரே இரவில் முந்நூறு பக்கம் படித்த தமக்கு, இன்று இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் படித்தது மறந்துபோவதாகவும், கைப்பேசி தம் மூளையைக் கெடுத்துவிட்டதோ என்றும் கேட்கிறார். படிக்கும் திறன் அப்படியேதான் இருக்கிறது என்பது என் பதில். வாசிக்கும்போது கண் என்ன செய்கிறது என்று பார்த்தால் அது விளங்கும்.

கண்ணாடி முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் கண் அசைவதை உங்களால் காணவே முடியாது. அருகில் நிற்பவருக்கோ அது தெளிவாகத் தெரியும். பார்வை தாவும் அந்தக் கணத்தில் வந்து சேரும் காட்சியை மூளை பெரும்பாலும் அடக்கிவிடுவதே காரணம். வரியின் மீது கண் வழுக்கிச் செல்வதாகத்தான் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அது சிட்டுக்குருவிபோல் தத்தித் தத்திச் செல்வதை, 1879 வாக்கில் பாரிஸில் கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வுக்கூடத்தில் கவனித்தார்கள். ஒரு தாவலுக்கு ஏறத்தாழ 30 மில்லி விநாடி, ஒரு தங்கலுக்குக் கால் விநாடி. எழுத்து உள்ளே போவது தங்கும்போதுதான்.

விழித்திரையின் மையக்குழியில் மட்டுமே பார்வை மிகக் கூர்மை. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பார்த்தால், அந்த விரலின் அகலம்தான் அதன் ஆளுகை. அப்படியானால் அடுத்து எங்கே தாவுவது என்று கண்ணுக்கு எப்படித் தெரிகிறது? 1975-இல் மெக்கான்கி, ரேனர் என்ற உளவியலாளர் இருவர் இதை அழகான உத்தியால் அளந்தார்கள். படிப்பவரின் கண் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகளை மட்டும் கணினித் திரையில் காட்டி, மற்றவற்றை மறைத்தார்கள். கண் நகர நகர அந்தச் சாளரமும் உடன் நகரும். ஆங்கிலம் படிப்பவருக்கு இடப்புறம் மூன்று நான்கு எழுத்துகளும் வலப்புறம் 15 எழுத்துகள் வரையும் பயன்படுகின்றன என்பது இவ்வகைச் சோதனைகளில் தெரிந்தது. வலமிருந்து இடமாக எழுதப்படும் எபிரேயத்தில் இந்தச் சாய்வு தலைகீழாகிறது! அதாவது, சாய்வு கண்ணின் அமைப்பில் இல்லை. அடுத்த சொல்லை நோக்கி முன்னே ஓடும் கவனத்தில் இருக்கிறது.

நம் மொழியில் ‘படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்’ என்ற ஒரே சொல்லுக்கு 18 எழுத்துகள். ‘கெ’ என்பதில் பின்னால் ஒலிக்கும் எகரத்தின் குறி முன்னால் நிற்கிறது. இதையெல்லாம் தமிழ்க்கண் எப்படிக் கையாள்கிறது என்பதைப் பெரிய அளவில் ஆராய நம் பல்கலைக்கழகங்களுக்குத் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்பேன். நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் முறையே அதனால் மேம்படலாம்.

வாசகியின் சிக்கலுக்கு வருகிறேன். கவனத்தோடு படிக்கையில் கண், பழகிய சொல்லில் சற்றே தங்கி, அரிய சொல்லில் கூடுதலாகத் தங்குகிறது. மனம் எங்கோ போய்விட்டால் கண் நிற்பதில்லை. அது பாட்டுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஆனால் அரிய சொல், எளிய சொல் என்ற வேறுபாடு அந்தத் தங்கல்களில் மங்கிவிடுகிறது என்று 2010-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. கண்ணையும் மனத்தையும் பிணைக்கும் கயிறு அவிழ்ந்த நிலை அது. அரைகுறையாக விட்டுவந்த வேலையில் மனத்தின் ஒரு பகுதி தங்கிவிடுகிறது என்று மேலாண்மைத் துறை ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-இல் எழுதினார்; பதில் அனுப்பாத குறுஞ்செய்தியோடு நாவலைத் திறப்பவருக்கு அந்தக் கயிறு இறுகுவது கடினம்.

ஆகவே அவருக்கு நான் சொல்வது இரண்டு. பாதியில் நிற்கும் வேலையை எங்கே விட்டோம், நாளை எங்கே தொடங்குவோம் என்று ஒரு தாளில் குறித்துவிட்டுப் புத்தகத்தை எடுங்கள். வரி நழுவினால் கூசாமல் பின்னே செல்லுங்கள். தேர்ந்த வாசகரின் தாவல்களிலும் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பின்னோக்கியவையே. வேக வாசிப்பு வகுப்புகள் சில இதைக் குறை என்று கற்பித்துப் பணம் வாங்குவது எனக்கு வேதனை தருகிறது. படித்த சொல்லைத் திரும்பப் பார்க்க முடியாதபடி மறைத்துச் சோதித்தபோது புரிதல் குறைந்ததை 2014-இல் ரேனரின் குழுவினரே கண்டார்கள்.

சென்ற வாரம் கடற்கரை–தாம்பரம் ரயிலில் என் எதிரே ஒரு பெரியவர் தடித்த நாவலொன்றைப் படித்துக்கொண்டிருந்தார். மாம்பலத்தில் ஏறிய கூட்டம் அவர் தோளை இடித்தது. நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்தவரின் விழிகள் நாலைந்து வரிகள் வரை ஒரே சீராகத் தாவின. பிறகு சட்டென்று நின்று, பக்கத்தின் தொடக்கத்துக்கே திரும்பின. கிண்டி வருவதற்குள் அவர் பக்கத்தைப் புரட்டியிருந்தார்.