நாளைய யோசிக்க நேத்து எதுக்கு?

"பழசையே நினைச்சுட்டு உக்காந்திருந்தா உருப்பட முடியாதுன்னு வீட்ல திட்டுறாங்க, அறிவியல்படி இது சரியா?"ன்னு ஒரு வாசகர் கேட்டிருந்தார். சின்ன கேள்விதான், ஆனா பதில் தேடிப் போனா மூளையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடத்துல கொண்டு போய் விடுது.

கனடாவுல ஒருத்தர், ஆய்வுகள்ல அவர் பேரு கே.சி. 1981ல, 30 வயசுல பைக் ஆக்சிடென்ட், தலையில பலமான அடி. பிழைச்சுட்டார், நல்லா பேசுவார், செஸ் ஆடுவார், அடிபடறதுக்கு முன்னாடி படிச்ச பொது அறிவெல்லாம் பெரும்பாலும் அப்படியே இருந்துச்சு. ஆனா தன் வாழ்க்கையில நடந்த ஒரு சம்பவத்தக்கூட, அங்க தான் இருந்தோம்ங்கிற உணர்வோட அவரால நினைச்சுப் பாக்க முடியல. சரி, மறதின்னு இத்தோட விட்டிருக்கலாம். எண்டெல் டல்விங்ங்கிற உளவியலாளர் விடல, "நாளைக்கு என்ன பண்ணப் போறீங்க?"ன்னு கேட்டார். ஒண்ணுமே வரல. நேத்தைய பத்தி கேட்டா மனசு எப்படி காலியா இருந்துச்சோ, நாளைய பத்தி கேட்டப்பவும் அதே மாதிரி காலி!

2007ல லண்டன்ல மூளை ஆராய்ச்சியாளர்கள் டெமிஸ் ஹசாபிஸ், எலினார் மக்வயர் குழு இதையே இன்னும் முறையா பாத்தாங்க. ஹிப்போகேம்பஸ்னு மூளையில ஞாபகத்துக்கு முக்கியமான ஒரு பகுதி, அது பாதிச்சவங்ககிட்ட, ஒரு கடற்கரையில படுத்திருக்கீங்க, சுத்தி என்ன தெரியுதுன்னு கற்பனை பண்ணிச் சொல்லுங்கன்னாங்க. பெரும்பாலானவங்களுக்கு மணல், தண்ணி, வானம்னு தனித்தனியா வந்துச்சே தவிர, எல்லாம் சேர்ந்து ஒரு இடமா வரல. (இதே ஹசாபிஸ்தான் பின்னாடி புரத வடிவத்த கணிக்கிற ஏஐக்காக 2024ல நோபல் வாங்கினவர்.)

இப்ப அந்த இடத்துக்கு வர்றேன். நம்ம ஞாபகம் வீடியோ மாதிரி மொத்தமா ஒரே இடத்துல பதிஞ்சு கிடக்கல. பாத்த முகம் ஒரு பக்கம், கேட்ட குரல் ஒரு பக்கம், அப்ப இருந்த பயம் இன்னொரு பக்கம்னு மூளை பூரா சிதறிக் கிடக்கு, எது எதோட சேரும்ங்கிற முடிச்சத்தான் ஹிப்போகேம்பஸ் வச்சிருக்கு, அதனால ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் அந்த துண்டுகள புதுசா கோர்த்துத்தான் ஆகணும். கோர்க்கும்போது தப்பும் வரும், அண்ணனுக்கு நடந்தத நமக்கு நடந்ததா நினைச்சு சத்தியமே பண்ணுவோம். ஆனா பிரிச்சு வச்சதாலதான் பழைய முகத்த இதுவரைக்கும் பாக்காத ஒரு ரூம்ல உக்கார வச்சு, அடுத்த வாரம் நடக்கப் போற இன்டர்வியூவ இன்னிக்கே மனசுக்குள்ள ஓட்டிப் பாக்க முடியுது. ஞாபகம் ஏன் இப்படி தப்பு பண்ணுதுங்கிறதுக்கும், எதிர்காலம்னு ஒண்ண எப்படி யோசிக்கிறோம்ங்கிறதுக்கும் ஒரே பதில்! டேனியல் ஷாக்டர், டோனா ரோஸ் ஆடிஸ்ங்கிற உளவியலாளர்கள் முன்வச்ச கருத்து இது, எனக்கு எத்தனை தடவை படிச்சாலும் அலுக்கல.

எலிகள்ல இதுக்கு பக்கத்துல வர்ற ஒண்ண நேரடியாவே பாத்திருக்காங்க. ஹிப்போகேம்பஸ்ல ஒவ்வொரு இடத்துக்கும்னு செல்கள் இருக்கு, 2013ல வந்த ஆய்வுல எலி கிளம்புறதுக்கு முன்னாடியே, போகப் போற வழிக்கான செல்கள் வரிசையா மின்னி முடிச்சிருச்சு. எலி ஓடுறத பாக்க எதுக்கு காசுன்னு கேக்குறவங்க மேல எனக்கு கோபமே வரும், இந்த மாதிரி அடிப்படை ஆராய்ச்சிக்கு யாராவது செலவு பண்ணலன்னா இதெல்லாம் தெரிஞ்சே இருக்காது.

வாசகர் கேள்விக்கு வர்றேன். பழச நினைக்கிறதுல தப்பில்ல, எப்படி நினைக்கிறோம்ங்கிறதுலதான் விஷயம். மனச்சோர்வுல (டிப்ரெஷன்) இருக்குறவங்களுக்கு "எப்பவும் தோத்துட்டேன்"ங்கிற மாதிரி மொத்தமாத்தான் பழசு ஞாபகம் வருது, குறிப்பிட்ட ஒரு நாள் வர்றது கம்மி, எதிர்காலமும் அதே மாதிரி மங்கலாத்தான் தெரியுதுன்னு ஆய்வுகள் சொல்லுது. இன்னொரு பக்கம், பாத்த ஒரு காட்சிய யார் எங்க நின்னாங்க, என்ன போட்டிருந்தாங்கன்னு நுணுக்கமா நினைவுபடுத்த வச்சுட்டு உடனே எதிர்காலத்த கற்பனை பண்ணச் சொன்னா அதுலயும் விவரம் கூடுது. அதனால அடுத்த தடவை பழசு நினைப்பு வந்தா ஒரே ஒரு நாள எடுத்துக்கோங்க, அன்னிக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்து வந்துச்சுங்கிறதுல ஆரம்பிங்க, அப்புறம் அப்படியே அடுத்த மாசத்துல ஒரு நாளுக்குப் போங்க.